வெந்நீரில் உறைந்த மருந்து

அடையாறில் உள்ள தனியார் மருந்து ஆய்வுக்கூடம் ஒன்றில் பாஞ்சாலிக்கு ஒன்பது வருட வேலை. கண்ணாடிக் குடுவைகளைக் கழுவி, உலர்த்தி, அடுக்கி வைக்க வேண்டும். ஆற்றோரம் குடியிருந்தவரை நடந்தே வந்துவிடுவாள். அரசு அந்த வீட்டை இடித்துப் பெரும்பாக்கத்தில் மூன்றாம் மாடியில் இடம் கொடுத்த பிறகு, இரண்டு பஸ் மாறி வருகிறாள். இப்போதும் காலை எட்டு மணிக்குக் கதவைத் திறக்கிற முதல் ஆள் அவள்தான். இத்தனை வருடத்தில் அவள் கையால் உடைந்தவை இரண்டே குடுவைகள். இரண்டையும் அவளே போய்ச் சொல்லியிருக்கிறாள்.

ஆனால் வேலை என்னவோ ஒப்பந்த வேலை. மே மாதக் கடைசியில் மேற்பார்வையாளர் கருணாகரன் ஜூன் முதல் தேதியிலிருந்து அடுத்த ஒரு வருடத்துக்கான பெயர்ப் பட்டியலை எழுதுவார். போன வருடம், கூட வேலை செய்த தேவானையின் பெயர் அதில் இல்லை. அவள் செய்த தவறு, ஒரு மருந்துப் பெட்டியை ஜன்னலோர வெயிலில் மறந்து வைத்ததுதான்.

இந்த வருடம் மே மாதத்தின் கடைசி வியாழக்கிழமை காலை பாஞ்சாலி உள்ளே நுழைந்தபோது ஃப்ரிட்ஜ் சத்தம் கேட்கவில்லை. இரவில் எப்போதோ மின்சாரம் தடைப்பட்டு, சுவிட்ச் விழுந்திருந்தது. அதைத் தூக்கிவிட்டு ஃப்ரிட்ஜைத் திறந்தாள். உள்ளே பன்னிரண்டு சிறிய புட்டிகள். ஆராய்ச்சியாளர் ஸ்ரீரஞ்சனி மூன்று வாரமாகச் செய்த மருந்து. பதினொரு மணிக்குப் பல் மருத்துவக் கல்லூரிக்குப் போக வேண்டும். அங்கே மாதிரிப் பல்வரிசையின் ஈறில் வைத்துச் சோதிக்கப் போகிறார்கள். நேற்று மாலை தண்ணீராக ஆடிக்கொண்டிருந்த மருந்து, இப்போது சாய்த்தால் அசையவில்லை.

மார்கழியில் தேங்காயெண்ணெய் உறைந்தால் என்ன செய்வார்கள்? பாஞ்சாலி வெந்நீர் வைத்தாள். பேசினில் விளாவி, பன்னிரண்டு புட்டிகளையும் கழுத்தளவு நிற்க வைத்தாள். ஐந்து நிமிடம் கழித்து ஒன்றைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தாள். முன்பைவிடக் கெட்டி. இன்னும் கொஞ்சம் வெந்நீர் ஊற்றினாள். மருந்து கல் மாதிரி நின்றது.

எட்டரைக்கு மந்தைவெளியிலிருந்து ஸ்கூட்டரில் ஸ்ரீரஞ்சனி வந்து சேர்ந்தாள். ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் பாஞ்சாலி எதிரே போய் நின்றாள்.

"மேடம், கரண்ட்டு போயி மருந்து உறைஞ்சிப் போச்சு. இளகட்டும்னு நான் சுடுதண்ணில வெச்சேன். இன்னும் மோசமா கீது."

ஸ்ரீரஞ்சனி ஹெல்மெட்டைக் கையில் வைத்தபடியே பேசினைப் பார்த்தாள். "ஐயோ பாஞ்சாலிம்மா, வெளியே எடுங்க! ஐஸ் வேணும் உடனே."

"ஐஸா? ஐஸ்ல வெச்சா இன்னும் இறுகிடாது?"

"இது தேங்காயெண்ணெய் இல்ல. அதுக்கு நேர் எதிர். குளிர்ல தண்ணி, சூட்டுல கெட்டி. ஈறுக்குள்ள ஊசியால விட்டா, உடம்புச் சூட்டுக்கு அங்கயே உறைஞ்சு, மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமா விடணும். அதுக்காகத்தான் இப்படிப் பண்ணினது."

பாதியிலேயே பாஞ்சாலி வாசலைத் தாண்டிவிட்டாள். எதிர்க் கரும்புச்சாறு கடையில் ஐஸ் கட்டியைச் சாக்கோடு வாங்கிக்கொண்டு திரும்பியவளைக் காவலாளி ஷாஹுல் ஹமீது மறித்தார்.

"இன்னாக்கா, காலங்காத்தால ஜூஸ் கடையா?"

"வழி வுடு பாய், என் உசுரு போய்க்கினு கீது!"

உடைத்த ஐஸுக்குள் புட்டிகளைப் புதைத்தார்கள். காத்திருந்த நேரத்தில் ஸ்ரீரஞ்சனி கேட்டாள்: "தண்ணி கொதிச்சதா?"

"இல்ல மேடம். பச்சைத் தண்ணி விளாவினேன். புள்ளைங்களைக் குளிப்பாட்டுற சூட்டுக்கு மேல, கைய வெச்சா எடுத்துடணும். அவ்ளோதான்."

"அதே மாதிரி இப்ப விளாவுங்க, பாக்கலாம்."

பாஞ்சாலி விளாவினாள். வெப்பமானி ஐம்பத்து நான்கு காட்டியது. கொட்டிவிட்டு மறுபடி விளாவச் சொன்னாள் ஸ்ரீரஞ்சனி. ஐம்பத்தைந்து. அவள் பாஞ்சாலியின் கையை ஒருமுறை பார்த்துவிட்டு, நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கால் மணி நேரத்தில் முதல் புட்டி இளகியது. சாய்த்தபோது மருந்து நேற்றுப் போலவே ஓடியது. பாஞ்சாலி மூச்சு விட்டாள். ஆனால் ஸ்ரீரஞ்சனி சிரிக்கவில்லை. உள்ளே இருக்கும் மருந்து சூட்டில் கெட்டதா என்று பார்க்க வேண்டும். ஒரு புட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து, மருந்தின் அளவைக் காட்டும் இயந்திரத்தில் ஏற்றினாள். அது முடிய அரை மணி ஆகும்.

அதற்குள் கருணாகரன் வந்துவிட்டார். நோட்டைப் படித்தார். "சுடுதண்ணில யாரு வெச்சது?"

"நான்தான் சார்," என்றாள் பாஞ்சாலி.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "சூடு ஆகாதுன்னு நான் முன்னாடியே அவங்ககிட்ட சொல்லலை சார்," என்று ஸ்ரீரஞ்சனி குறுக்கிட்டாள். "புட்டி மேல ஒட்டின சீட்டும் இங்கிலீஷ்லதான் இருக்கு. அவங்க எதையும் மறைக்கலை. எவ்வளவு சூடுன்னுகூடச் சொல்லிட்டாங்க. அதனாலதான் எதைச் சோதிக்கணும்னு தெரிஞ்சுது."

கருணாகரன் இயந்திரத்தின் திரையையே பார்த்துக்கொண்டு நின்றார். மூவரும் நின்றார்கள். ஒன்பதே முக்காலுக்கு எண் வந்தது.

"நேத்து எவ்வளவோ இன்னிக்கும் அவ்வளவுதான்," என்றாள் ஸ்ரீரஞ்சனி. "திறந்த புட்டி போக மீதிப் பதினொண்ணும் கல்லூரிக்குப் போகலாம்."

பாஞ்சாலி அருகிலிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். மேற்பார்வையாளர் முன்னால் அவள் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

புட்டிகள் ஐஸ் பெட்டியில் கிளம்பிய பிறகு, ஸ்ரீரஞ்சனி ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். பெரிய தமிழ் எழுத்தில்: 'மருந்து உறைந்தால் ஐஸில் வைக்கவும். வெந்நீர் கூடாது.' பாஞ்சாலி அதை எழுத்துக் கூட்டிப் படித்து, தலையாட்டினாள். விடிகாலையில் கட்டி எடுத்து வந்த புளிச்சோற்றை அப்போதுதான் திறந்தாள்.

கருணாகரன் கதவருகே நின்று எட்டிப் பார்த்தார். கையில் பட்டியல்.

"இன்னாம்மா, ஒண்ணாந்தேதி எட்டு மணிக்குத்தான வருவே?"

"வராம?" என்றாள் பாஞ்சாலி, வாய் நிறையச் சோற்றோடு.