ஒண்ணாம் ஓட்டையில் ஒரு பூட்டு

இன்று அவனியாபுரம் ஷேர் ஆட்டோவில் நான், மருமகள் மல்லிகா, டிரைவர் முருகேசன், எங்கள் தெருவில் எண் ஜோதிடம் பார்க்கும் சுந்தரம். நாலே பேர்தான்.

சுந்தரம் ஆரம்பித்தார். "அமெரிக்காவுல ஆபத்துக்குக் கூப்பிடுற நம்பரு 911. அங்க கட்டடத்தை இடிச்சது ஒன்பதாம் மாசம் பதினொண்ணு. எல்லாம் நம்பர்ல இருக்கு மாப்ள."

"அம்புட்டும் கணக்காண்ணே!" என்று முருகேசன் வாயைப் பிளந்தான்.

சுந்தரம் என் பக்கம் திரும்பினார். "உங்க மகன் பாண்டி குண்டுவெடிப்புல போன தேதியக் கூட்டுனா எட்டு, ஆத்தா. சனி. யாரு தடுக்க முடியும்?"

மல்லிகா என் கையைப் பிடித்தாள். பாண்டி அவள் புருஷன்.

"எங்களுக்கும் ஆபத்துக்குக் கூப்பிட ஒரு நம்பர் இருந்துச்சு தம்பி. போலீசு நம்பரு, நூறு," என்றேன்.

பிழைக்கப் போன ஊரில், தெருமுனையில் வெடித்த குண்டு அது. பிள்ளையைத் தூக்கிவந்து வாடகை வீட்டு நடையில் கிடத்தினோம். பேச்சு இருந்தது. நடையிலேயே வீட்டுக்காரர் போன் இருந்தது. குடியிருக்கிறவர்கள் எஸ்.டி.டி. பேசிவிடுவார்கள் என்று, எந்த நம்பரையும் சுற்ற முடியாதபடி போனின் சுற்றும் தட்டில் ஒண்ணாம் ஓட்டையில் பூட்டுப் போட்டு, சாவியோடு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மல்லிகா அம்மிக் குழவியால் பூட்டை அடித்தாள். போன்தான் உடைந்தது.

"லைன் கெடைச்சுச்சாம்மா?" என்றான் பாண்டி.

"கெடைச்சிருச்சுய்யா, வாராக," என்றேன்.

அதை நம்பித்தான் கண்ணை மூடினான்.

எண் கணக்குப் படித்தவர்கள் யாராவது இருந்தால் ஒரு பேரைக் கூட்டிச் சொல்லுங்கள். குண்டு வைத்தவன் பேர் எனக்குத் தெரியாது. இந்தப் பேரை மட்டும் சாகும்வரை மன்னிக்க மாட்டேன்: வீட்டுக்கார சங்கரலிங்கம்.