கல்லில் இறங்கிய இருபத்திரண்டு

கல்லறைப் பலகைகளில் எழுத்து வெட்டும் அவரை வட்டாரத்தில் 'உளியண்ணன்' என்பார்கள். முப்பத்தோர் ஆண்டுகளில் அவருடைய குறிப்பேட்டில் ஏறியவை எழுநூற்றுப் பன்னிரண்டு கற்கள். அவற்றில் நானூற்றுக்கு மேல், 'கர்த்தர் என் மேய்ப்பர்' என்று தொடங்கும் மேய்ப்பன் சங்கீதம். கோயில் வாசலை மிதிக்காதவர்களும் அதையே கேட்டார்கள். லாரியின் முதுகிலோ மருத்துவமனைச் சுவரிலோ படித்திருப்பார்கள், வானொலிப் பாட்டிலாவது கேட்டிருப்பார்கள்.

"ஊரு பூரா ஒரே மேய்ப்பன். இதுல ஆடு யாருன்னுதான் தெரியலை," என்பாள் மனைவி, கல்தூளைப் பெருக்கிக்கொண்டே.

"நாமதான், வேற யாரு? பெருக்கு."

சங்கீதத்தின் எண்ணைச் சொன்னால் போதும், வேதப் புத்தகத்தைப் புரட்டி முதல் வரியை வெட்டிவிடுவார். ஆனால் எந்தச் சபை என்று கேட்காமல் உளியைத் தொட்டதில்லை. சில சபைகளின் பழைய புத்தகங்களில் எண் ஒன்று குறைவாக வரும். அவர்களுடைய இருபத்திரண்டுதான் இவருடைய இருபத்துமூன்று, மேய்ப்பன். கணவனை இழந்த தையல்காரப் பெண் தொலைபேசியில் "இருபத்திரண்டு" என்றபோது, மெருகு இயந்திரம் காதைப் பிளந்துகொண்டிருந்தது. எண் மட்டும் ஏட்டில் ஏறியது. சபையைக் கேட்க மறந்தார்.

அவருடைய புத்தகத்தில் இருபத்திரண்டு, ஏன் கைவிட்டாய் என்று கடவுளைக் கேட்கும் புலம்பல்.

கல்லை நடவேண்டிய காலையில் அவள் வண்டியோடு வந்து, நின்றபடியே படித்தாள்.

"அண்ணே, மேய்ப்பன் எங்கே?"

ஏட்டைப் பார்த்ததும் அவருக்கு விளங்கியது. வாய்ச்சொல் என்றால் மன்னிப்புக் கேட்டுத் திரும்ப வாங்கலாம்.

"தப்பு என்னுதும்மா. புதுக் கல்லு வர மூணு வாரம் ஆகும்."

"கல்லறையில எல்லாரும் காத்துட்டிருக்காங்க. அவர் தம்பி நாளைக்கே வெளிநாடு கிளம்பறார். அரைச்சு எடுக்க முடியாதா?"

"ஆழமா இறங்கிடுச்சு. அரைச்சா பலகை விரிஞ்சிடும்."

அவள் ஓர் எழுத்தின் பள்ளத்தில் விரலை வைத்தாள்.

"ஆஸ்பத்திரியில பதினோரு நாளும் அவர் மேய்ப்பனைத்தான் முணுமுணுத்துட்டிருந்தார். 'ஏன் கைவிட்டே'ன்னு கடவுள்கிட்ட கேட்டுட்டிருந்தது நான். அவர் காதுல விழாம, மனசுக்குள்ளே. நீங்க தலைமாட்டுலயே வெச்சுட்டீங்க."

அவர் புத்தகத்தை எடுத்து அவசரமாகப் பக்கம் தள்ளினார்.

"முழுசாப் படிச்சா இதுவும் தேறிடுதும்மா. கடைசியில துதியாத்தான் முடியுது."

"அதுவரைக்கும் வெட்டக் கல்லுல இடம் இருக்கா?"

வரிக்குக் கீழே பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு. அதற்கும் கீழே விளிம்பு. விரல்களை வைத்து அளந்தார். நான்கு விரற்கடைகூட இல்லை.

வெளியே வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். அவள் பலகையின் ஒரு முனையைப் பிடிக்கக் குனிந்தாள். அவர் மறுமுனையைப் பிடித்தார்.