சூட்டியின் வயிற்றிலிருந்து ஒரு பிளாஸ்க்

1. முதல் நாள்

ஆய்வுப் பண்ணையில் லேப் டெக்னீஷியனாகச் சேர்ந்த முதல் நாளே என்னை ஒரு மாட்டின் வயிற்றுக்குள் கையை விடச் சொன்னார்கள்.

நாவலப்பிட்டியில் படித்து, கண்டியில் டிப்ளோமா முடித்து வந்தவள் நான். தராசும் கண்ணாடிக் குழாய்களும்தான் என் வேலை என்று நினைத்திருந்தேன். கொட்டகையில் ஒரு ஃப்ரீசியன் பசு நின்றது. அதன் இடது பக்கம், விலாவுக்குப் பின்னால், வட்டமாக ஒரு ரப்பர் மூடி. ஆய்வுக்காக ஆபரேஷன் செய்து பொருத்தியது. பசுவின் பெயர் சூட்டி. சிங்களத்தில் சின்னஞ்சிறுசைக் கொஞ்சும் பெயர் அது. ஆள் என்னவோ கொட்டகையிலேயே பெரியவள்.

எங்கள் தலைவர், கால்நடை வைத்தியர் டொக்டர் சிவநேசன், யாழ்ப்பாணத்துக்காரர், மூடியைக் கழற்றினார்.

"பயப்பிடாதேயும் பிள்ளை. கையை உள்ள விடும்."

தோள்வரை கையுறை போட்டுக்கொண்டு விட்டேன். குளிப்பதற்குக் காய்ச்சிய தண்ணீர் மாதிரிச் சூடு. சற்று நேரத்தில் அந்த முழு வயிறும் அலைபோலத் திரண்டு வந்து என் கையை அமுக்கியது, பிறகு விட்டது. சூட்டி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு அசை போடுவதைத் தொடர்ந்தாள்.

"இதுக்கு நோகாதா சேர்?"

"இல்லை. காயம் எப்பவோ ஆறிட்டுது. உதுக்குள்ள ஒரு ஊரே குடியிருக்கு. வாரும், காட்டுறன்."

சூடாக்கிய கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு வைத்து மைக்ரோஸ்கோப்பைத் திருப்பினார். உடம்பெல்லாம் மயிர் முளைத்த, கண்ணாடி போன்ற உயிர்கள் முட்டிமோதி ஓடிக்கொண்டிருந்தன. அவற்றுக்கு நடுவே தூசிபோல இன்னும் சிறியவை, எண்ண முடியாத அளவுக்கு. அன்று மத்தியானம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அருவருப்பினால் அல்ல, வியப்பினால்.

2. நைலோன் பைகள்

மழைக்காலத்தில் புல் இடுப்பளவு வளரும். வெயில் மாதங்களில் மாட்டுக்காரர்கள் புல்லுக்கு அலைவார்கள். அதனால் புல்லை நறுக்கி, காற்றுப் புகாமல் அமுக்கிக் கட்டிப் புளிக்க வைப்பதுதான் சைலேஜ். ஆனால் முற்றிய புல்லில் செய்தால் மாட்டுக்கு வயிறு நிறையும், பால் ஊறாது. அதைச் சத்துள்ளதாக்குவது எப்படி என்பதே எங்கள் ஆய்வு.

ஒரே புல்லில் மூன்று விதமாகச் செய்தோம். முற்றவிட்டு வெட்டியது ஒன்று. பூக்குமுன் வெட்டி, வாடவைத்து, மொலாசஸ் என்கிற கரும்புப் பாகு கலந்தது ஒன்று. அதனுடன் வேலியோரம் வளரும் கிளிரிசீடியா மரத்தின் இலையும் சேர்த்தது மற்றொன்று. ஒவ்வொன்றிலும் கொஞ்சத்தை நிறுத்து, சிறிய நைலோன் பைகளில் கட்டி, சூட்டியின் வயிற்றுக்குள் இறக்கிவிடுவேன். இரண்டு நாள் கழித்து எடுத்து, கழுவி, உலர்த்தி, மறுபடி நிறுப்பேன்.

முதல் பையில் பாதிக்குமேல் கரையாமலே வந்தது. மூன்றாவது பையின் மூலையில் கொஞ்சம்தான் ஒட்டியிருந்தது. லேப்பில் அமிலம் ஊற்றிக் கொதிக்கவைத்தும் கரையாத நாரை, கண்ணும் வாயும் இல்லாத அந்தக் கூட்டம் இருட்டுக்குள் இருந்து கரைத்திருந்தது. அந்தப் பையை வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

3. ஹுன்னஸ்கிரியவில்

ஜெயந்தி ஹுன்னஸ்கிரியத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்தெடுப்பவர். தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் இரண்டு பசு வைத்திருந்தார், அதிலொன்று மல்லிகா. எங்கள் பண்ணையில் மாட்டுக்காரர்களுக்கு நடத்தும் வகுப்புக்கு வந்து சைலேஜ் செய்யக் கற்றுக்கொண்டவர். ஒருநாள் போன் எடுத்தார்.

"மிஸ், மல்லிகா வாயே வைக்க மாட்டேங்குதுங்க. கன்னு வேற வயித்துல. ஏழு மாசம்."

நானும் டொக்டரும் போனோம். சைலேஜ் பையை எலி கடித்திருந்தது. ஓட்டை வழியே காற்றுப் போய்ப் பூசணம் பிடித்திருக்கிறது. வேறு புல் இல்லாததால் ஜெயந்தி மேலே இருந்ததை வழித்துப் போட்டுவிட்டு மீதியைக் கொடுத்திருக்கிறார். டொக்டர் மருந்து கொடுத்துவிட்டு, மல்லிகாவின் வாய்வழியே குழாய் விட்டு வயிற்றுநீர் கொஞ்சம் எடுத்தார். கொண்டுபோயிருந்த மைக்ரோஸ்கோப்பில் பார்த்தேன். ஒன்றுகூட அசையவில்லை.

"உள்ள இருந்த ஊர் அழிஞ்சு போச்சு," என்றார் டொக்டர். "இனி நல்ல தீனி போட்டும் பிரயோசனமில்லை. புது ஆக்களைக் கொண்டுவந்து குடியேத்த வேணும்."

மறுநாள் காலை சூட்டியின் வயிற்றிலிருந்து அள்ளி, துணியில் பிழிந்து வடித்து, சுடுநீர் ஊற்றிச் சூடாக்கிய பெரிய பிளாஸ்குகளில் வாய்வரை நிரப்பினேன். காற்றும் குளிரும் பட்டால் அவை செத்துவிடும். தெல்தெனிய தாண்டி வளைவுகளில் ஜீப் ஏறும்போது, பிளாஸ்க் ஒன்றை மடியில் வைத்து அணைத்துக்கொண்டே போனேன்.

ஜெயந்தி மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார்.

"ஐயையோ! இன்னொரு மாடு தின்ன எச்சிலையாங்க இதுக்கு ஊத்தப் போறீங்க?"

மைக்ரோஸ்கோப்பை அவர் பக்கம் திருப்பி, மல்லிகாவின் வயிற்றிலிருந்து அப்போதே எடுத்த சொட்டை முதலில் காட்டினேன். பிறகு பிளாஸ்கிலிருந்து ஒரு சொட்டு. குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

"என்னங்க மிஸ் இது... தேர்க் கூட்டமாட்டம் ஓடுதுங்க. இம்புட்டுப் பேரும் சூட்டி வயித்துல இருந்தவங்களா?"

"ஆமா."

"ஊத்துங்க."

டொக்டர் குழாயை இறக்கினார். ஜெயந்தி புனலைப் பிடித்துக்கொண்டார். பிறகு காத்திருந்தோம். டொக்டர் அடிக்கடி ஸ்டெதஸ்கோப்பை மல்லிகாவின் விலாவில் வைப்பதும் எடுப்பதுமாக இருந்தார். வயிற்றுக்குள் அசைவு எதுவும் கேட்கவில்லை. அன்று மாலை கவலையோடுதான் திரும்பினோம்.

விடிந்ததும் ஜெயந்தி போன் எடுத்தார். அழுதுகொண்டே பேசினார்.

"அசை போடுறா மிஸ். படுத்துக்கிட்டு அசை போடுறா."

அடுத்தடுத்த நாட்களில் மல்லிகா புல் கடிக்கத் தொடங்கியது. கன்றும் நல்லபடியாகப் பிறந்தது, கிடாரி.

அடுத்த வெயில் காலத்தில் ஜெயந்தி என்னைக் கூப்பிட்டிருந்தார். இளம்புல்லும் மொலாசஸும் கிளிரிசீடியாவும் சேர்த்து, நன்றாக மிதித்துக் கட்டி, எலி எட்டாத இடத்தில் வைத்த பை. அவிழ்த்ததும் பழுத்த பழம்போல வாசம். அவர் ஒரு பிடி அள்ளிப் பிரித்துப் பார்த்தார், பூசணம் இல்லை.

இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். மாட்டுக்குத் தீனி போடுகிறோம் என்று நினைத்து சைலேஜ் செய்யாதீர்கள். நாம் போடுவது அந்தக் கூட்டத்துக்கு. அந்தக் கூட்டம்தான் மாட்டை வளர்க்கிறது. எத்தனை வருடம் வேலை செய்தும் இந்த வியப்பு எனக்கு அடங்கவில்லை. ஜெயந்திக்கு இதை நான் விளக்கவேண்டி இருக்கவில்லை. அன்று அந்தப் பிடியை மல்லிகாவின் வாய்க்குக் கொண்டுபோனவர், நடுவில் நிறுத்தி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"உள்ள இருக்கிறவங்களுக்கு இது பிடிக்குமாங்க மிஸ்?"