நானூறு காலண்டரும் ஒரு இலையும்: மல்கிரேவிலிருந்து ஹெலன்ஸ்பர்க் வரை 884 கிலோமீட்டர்

டிசம்பர் மாதம் மூன்றாவது சனிக்கிழமை, காலை ஐந்து பத்துக்கு மல்கிரேவில் வீட்டைப் பூட்டிக்கொண்டு நானும் என் கணவர் முரளியும் கிளம்பினோம். மெல்பர்னிலிருந்து சிட்னிப் பக்கம் காரில் போக நினைப்பவர்களுக்காக நேரம், தூரம், செலவு எல்லாம் எழுதியிருக்கிறேன். ஆனால் நாங்கள் ஊர் சுற்றப் போகவில்லை. நான் எழுதிய ஒரு விளம்பரத்தை என் கையாலேயே அழிக்கப் போனேன்.

சின்னச் சின்ன கிளினிக்குகளுக்கு விளம்பரம் எழுதிக் கொடுப்பது என் தொழில். சிட்னியின் மேற்கில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் மங்களேஸ்வரி இரண்டு வருடமாக என் வாடிக்கையாளர். எனக்கு மங்களா அன்ரி; யாழ்ப்பாணத்தார் ஆன்ட்டியை அப்படித்தான் சொல்வார்கள். தீராத வலியோடு வருகிறவர்களில் சிலருக்கு அவர் மருத்துவக் கஞ்சா எழுதிக் கொடுப்பார். இங்கே அது சட்டம் அனுமதிக்கும் மருந்துதான். ஆனால் டாக்டர் சீட்டு இருந்தால் மட்டுமே கிடைக்கும் மருந்தைப் பொதுமக்களிடம் விளம்பரம் செய்யக் கூடாது. கிளினிக் இருக்கிறது, டாக்டரைப் பார்க்கலாம் என்று சொல்லலாம். கஞ்சா என்ற சொல் கூடாது, அதற்குச் செல்லப் பெயர் வைத்தாலும் கூடாது. இலைப் படம் கூடாது. எனக்குக் குணமானது என்று நோயாளி சொன்னதைப் போடக் கூடாது. அன்ரியின் இணையதளத்தை இந்தச் சட்டத்துக்காக நான் சல்லடை போட்டுச் சலித்து வைத்திருந்தேன்.

அவ்வளவு தெரிந்தவள் கோட்டை விட்டது ஒரு காலண்டரில். நான் சிவகாசிக்காரி. எனக்குக் காலண்டர் என்பது வருடக் கடைசியில் கடைக்காரர் கையில் கொடுக்கும் ஒரு மரியாதை. அதை விளம்பரம் என்று யாரும் எங்கள் ஊரில் நினைப்பதில்லை. சிட்னித் தமிழர்களுக்கு அன்ரி பெயரில் தினசரி காலண்டர் கொடுக்கலாம், ராகு காலம் எல்லாம் சிட்னி நேரத்துக்கே போடலாம் என்று யோசனை சொன்னது நான். அடியில் இரண்டு வரி எழுதியதும் நான்: 'தீராத வலிக்குக் கஞ்சா எண்ணெய்ச் சிகிச்சை. பயனடைந்தோர் பலர்.' தமிழில்தானே, நம் ஆட்களுக்குத்தானே என்று மனது சமாதானம் சொல்லியிருக்க வேண்டும். சிவகாசியில் அச்சகம் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், வைத்தியர் விளம்பரத்தில் மூலிகை இல்லாமலா என்று பக்கத்தில் பச்சையாக ஒரு கஞ்சா இலையையும் வைத்துவிட்டான். போனில் வந்த மாதிரியைப் பார்த்து ஓகே சொன்னதும் நானேதான்.

வெள்ளிக்கிழமை மதியம் கிரான்பர்னில் ஒரு பிசியோதெரபிஸ்டிடம் விதிகளை விளக்கிக்கொண்டிருந்தேன். வேறு மொழியில் போட்டால் பிரச்சினை இல்லையே என்று அவர் கேட்டார். எந்த மொழியில் போட்டாலும், எதில் அச்சடித்தாலும் விளம்பரம் விளம்பரம்தான் என்று கம்பீரமாகச் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் அந்தக் காலண்டர் நினைவுக்கு வந்தது. தவளை தன் வாயால் கெடும்.

காரில் உட்கார்ந்தே, சிட்னிக்குத் தெற்கே கோயில் இருக்கும் ஹெலன்ஸ்பர்க்கில் வசிக்கும் சிவஞானம் அங்கிளுக்குப் போன் செய்தேன். அன்ரியின் குடும்ப நண்பர். காலண்டர் பெட்டிகள் அவர் வீட்டு கராஜில்தான் இருந்தன. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் மதியச் சாப்பாடு முடிந்து வெளியே வருகிறவர்களுக்குக் கொடுப்பதாக ஏற்பாடு.

"நானூறும் வந்திட்டுது பிள்ளை. வடிவான காலண்டர். சனத்துக்கு இப்பவே சொல்லிப்போட்டன்," என்றார்.

"அங்கிள், நான் வர்ற வரைக்கும் ஒண்ணுகூட வெளிய போகக் கூடாது."

"மெல்பனில இருந்தோ வாறியள்? இதுக்கோ?"

இதற்குத்தான். அன்ரி யாழ்ப்பாணத்தில் படித்து டாக்டரானவர். இந்த நாட்டில் மறுபடி பரீட்சை எழுதி, பதிவு வாங்க ஆறு வருடம் ஆனது. அந்த ஆறு வருடமும் முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் வேலை பார்த்தார். ஒரே ஒரு புகார் போனால் அபராதம் ஒரு பக்கம், அந்தப் பதிவுக்கே விசாரணை இன்னொரு பக்கம். என் இரண்டு வரிக்காக அவர் அந்த ஆறு வருடத்தை இழக்கக் கூடாது. நானூறில் ஒன்றுகூடத் தப்பக் கூடாது என்று முடிவு செய்தேன்.

விமானம் ஒருவருக்கு ஒரு வழிக்கே 389 டாலர் காட்டியது. சிட்னியில் கேட்ட அச்சகம் எதுவும் சனிக்கிழமைக்குள் முடியாது என்றது. மல்கிரேவில் ஒரு கடைக்காரர் மட்டும் மாலை ஆறு மணிக்குள் 450 ஸ்டிக்கர் அடித்துக் கொடுத்தார். விளம்பர வரிகளை மறைக்கிற அளவு, அதில் இரண்டே சொற்கள்: 'தமிழில் பேசலாம்.'

சனிக்கிழமை சூலம் கிழக்கு. நாங்கள் போவது வடகிழக்கு. "பாதி சூலம்தான், பாதி தயிர் போதும்," என்று முரளி தயிர்சாத டப்பாவைப் பின் சீட்டில் வைத்தார். எட்டு நாற்பதுக்கு எல்லையில் ஆல்பரி. அரை மணி நேரம் காபிக்கு. ஹியூம் நெடுஞ்சாலை நேராக, அகலமாக இருக்கும். தூக்கம்தான் எதிரி. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை ஓட்டுநரை மாற்றுங்கள்.

பதினொன்று ஐந்துக்கு குண்டகாய். பெட்ரோல் 34 லிட்டர், 64 டாலர் 26 சென்ட். கல்லாவுக்குப் பக்கத்தில் அதே இலை அச்சடித்த டி-ஷர்ட்டுகள் வரிசையாகத் தொங்கின. "இது மட்டும் ஓகேவா?" என்றார் முரளி. சட்டை மருந்து இல்லை, விற்பவர் டாக்டரும் இல்லை என்றேன். "அப்ப அன்ரியை சட்டைக்கடை வைக்கச் சொல்லு," என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மர நிழலில் தயிர்சாதம் சாப்பிட்டோம், வெயில் முப்பத்தெட்டு டிகிரி.

ஒன்று ஐம்பதுக்கு கோல்பர்ன், இருபது நிமிடம் ஓய்வு. வில்டனில் நெடுஞ்சாலையை விட்டு வலது பக்கம் பிரிந்து வுலங்காங் சாலை. இந்தத் துண்டில் லாரிகள் அதிகம், அவசரப்படாதீர்கள். நான்கு ஐந்துக்கு ஹெலன்ஸ்பர்க். மீட்டர் 884 காட்டியது.

அங்கிள் கராஜில் மூன்று நாற்காலி போட்டு வைத்திருந்தார். முதல் காலண்டரில் ஸ்டிக்கரை ஒட்டி வெளிச்சத்தில் பிடித்தேன். ஸ்டிக்கருக்கு அடியில் பச்சை இலை நிழலாகத் தெரிந்தது. இன்னொன்று ஒட்டினேன், அப்போதும் தெரிந்தது. அங்கிள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "எனக்குத் தெரியேல்ல பிள்ளை," என்றார். அது ஆறுதலுக்குச் சொன்னது.

எனக்குத் தெரிந்தால் அதிகாரிக்கும் தெரியும். நல்லவேளை, அன்ரி பெயரும் தொலைபேசி எண்ணும் மேலே, அந்த இரண்டு வரியும் இலையும் அடியில். இரும்பு ஸ்கேலும் பிளேடும் கேட்டேன். அட்டையின் அடியில் ஐந்து சென்டிமீட்டரை அப்படியே வெட்டி எடுப்பது, பெயருக்கு மேலே இருந்த வெற்றிடத்தில் ஸ்டிக்கரை ஒட்டுவது. நான் வெட்டினேன், முரளி ஒட்டினார், அங்கிள் எண்ணி அடுக்கினார். சூரியன் மறைகிற எட்டு மணிக்கு முடிந்தது. விரலில் இரண்டு இடத்தில் பிளாஸ்திரி.

அடுக்கியது 399.

"ஒண்டு மங்களாவுக்குக் குடுத்தனான். வியாழக்கிழமை," என்றார் அங்கிள்.

அன்ரிக்குப் போன் செய்தேன். "ஓம், கிளினிக்கில கொழுவி இருக்கு. நோயாளர் இருக்கிற இடத்தில," என்றார். பெருமையாகச் சொன்னார். நான் விஷயத்தைச் சொன்னதும், காலையில் வந்து கிளினிக்கைத் திறப்பதாகச் சொன்னார்.

ஞாயிறு காலை ஏழரைக்குக் கிளம்பினோம். 55 கிலோமீட்டர், ஐம்பது நிமிடம். அன்ரி எங்களுக்கு முன்பே வந்து கிளினிக்கைத் திறந்திருந்தார். வரவேற்பறைச் சுவரில் நட்ட நடுவே தொங்கியது காலண்டர். ஊருக்குத்தான் உபதேசம் என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டாம். எனக்கு அவமானமாக இருந்தது.

"என் தப்பு அன்ரி. தமிழ்ல எழுதறதை நீங்க என்னை நம்பி விட்டீங்க," என்றேன்.

"நானும் வாசிச்சனான் தானே. வாசிச்சுப்போட்டும் விட்டிட்டன். ஏன் தெரியுமோ?" காலண்டரில் தன் பெயரைத் தொட்டுக் காட்டினார். "இந்த நாட்டில எல்லாருக்கும் என்ர பேரை எழுத்துக் கூட்டித்தான் சொல்லுறனான். இதில சரியா எழுதியிருக்கு. அதைப் பாத்துக்கொண்டு நிண்டிட்டன், கீழ உள்ளதை யோசிக்கேல்ல."

அதற்கு மேல் அவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மேசையிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து அடிப்பகுதியைத் தானே வெட்டினார்.

"வெள்ளியும் சனியும் இதில ஆக்கள் இருந்தவை. மறைக்கேலாது. மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு நானே எழுதுறன்."

"நான் எழுதறேன் அன்ரி. எழுதினது யாருன்னு என் பேரையும் போட்டு."

"ரெண்டு பேரும் எழுதுவம்," என்றார். அங்கேயே உட்கார்ந்து எழுதி, இருவரும் கையெழுத்திட்டு மின்னஞ்சலில் அனுப்பினோம். இதை எழுதும்வரை பதில் வரவில்லை. வரட்டும், சொல்ல வேண்டிய உண்மையைச் சொல்லியாகிவிட்டது.

பயணக் குறிப்புகளை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கடைசியில் எழுத வேறொன்று இருக்கிறது. போக வர பெட்ரோல் 231 டாலர், சுங்கச்சாவடி தனி. ஓய்வோடு சேர்த்துப் பதினொரு மணி நேரம். கோடையில் ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். ஹெலன்ஸ்பர்க்குக்குக் கார் இல்லாமல் போவது சிரமம், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பதினொன்றுக்கு முன் போனால் நிறுத்த இடம் கிடைக்கும். நான் வக்கீல் இல்லை, ஆனால் கிளினிக் நடத்தும் தமிழர்களுக்கு ஒன்று சொல்வேன். காலண்டர், கல்யாணப் பை, விழா மலர் வாழ்த்து, வாட்ஸ்அப் செய்தி எல்லாமே விளம்பரம்தான். மருந்தைச் சொல்லாதீர்கள், டாக்டரை மட்டும் சொல்லுங்கள். சந்தேகம் இருந்தால் அச்சடிப்பதற்கு முன்பே கேளுங்கள்.

அந்த ஞாயிறு மதியம் பன்னிரண்டு நாற்பதுக்குக் கோயில் வாசலில் காலண்டர் கொடுக்கத் தொடங்கினோம். அன்ரி கொஞ்சம் தள்ளி மர நிழலில் நின்றார். அடி குட்டையாக இருப்பதைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அறுபது வயதிருக்கும் ஒருவர், ஒரு கையால் இடுப்பைப் பிடித்தபடி வந்தார். வாங்கி, ஸ்டிக்கரிலிருந்து எண் வரை நிதானமாக வாசித்தார்.

"உந்த டாக்டர் நாரி நோவுக்கு மருந்து தருவாவோ?"

இடுப்பு வலிக்கான பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. 399 முறை வெட்டி எடுத்த பதில் அது. அவர் நிற்கிற நிலையைப் பார்த்தால் சொல்லிவிடத்தான் தோன்றியது.

"அவங்க உங்களைப் பாத்துட்டுத்தான் சொல்லுவாங்க அங்கிள். நான் சொல்லக் கூடாது."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நான் ஒவ்வொருக்காலும் மகளைக் கூட்டிக்கொண்டு போறனான். நோவை இங்கிலீசில சொல்லத் தெரியாது. அவளுக்கு முன்னால எல்லாத்தையும் சொல்லவும் ஏலாது." விரலை ஸ்டிக்கரின் மேல் வைத்தார். "உண்மையா தமிழில கதைக்கலாமோ?"

"ஆமா அங்கிள்."

"அப்ப காணும், அதுவே போதும்," என்று காலண்டரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நடந்தார்.