வேடியப்பனை நகர்த்தச் சொன்னது யார்?

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கல்லுக்கும் பஞ்சமில்லை, அந்தக் கல்லில் தன் பெயரைப் பார்க்க ஆசைப்படுகிற அரசியல்வாதிக்கும் பஞ்சமில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து பிழைக்கிறவன் நான். ஓசூர் சாலையில் கடை. அடிக்கல்லோ திறப்பு விழாக் கல்வெட்டோ, கறுப்பு கிரானைட்டில் எழுத்து வெட்டித் தங்க நிறம் பூசித் தருவேன். தண்ணீர் வராத தொட்டியில் பளபளக்கும் கல்வெட்டைப் பார்த்து நீங்கள் பல்லைக் கடித்திருப்பீர்கள். அந்தக் கல்லை வெட்டிய நானும் உங்களோடு சேர்ந்து கடித்தவன்தான்.

இடம் போதவில்லை

ஒரு பேருந்து நிழற்குடைக்குக் கல்வெட்டு கேட்டார்கள். அமைச்சர் பெயர் பெரிதாக இருக்க வேண்டும். ஒன்றியத் தலைவர் பெயர் அதைவிடச் சின்னதாக, ஆனால் சின்னதாகத் தெரியாமல் இருக்க வேண்டும். தலைவரின் நிழல்போலத் திரியும் சீனிவாசன் ஸ்கேலோடு வந்து ஒவ்வொரு எழுத்தையும் அளந்தார். தலைவரை ஏற்றினால் அமைச்சரையும் ஏற்ற வேண்டும். அமைச்சரை ஏற்றினால் தலைவர் சிறுத்துப் போகிறார். இப்படியே ஏற்றி ஏற்றி, கடைசியில் ‘பயணியர் நிழற்குடை’ என்று எழுத இடமே இல்லை.

தயங்கித் தயங்கிச் சொன்னேன். சீனிவாசன் ஸ்கேலை மடித்துப் பைக்குள் வைத்தார். “இன்னா தொறக்கறோம்னு ஊருக்கே தெரியும்பா. யாரு தொறந்தாங்கன்னுதான் தெரியணும்.”

மாதம்மாக்கா வந்தார்

அடுத்து அதே சீனிவாசன் தொழிற்பேட்டைக்குப் போகும் புதுச் சாலைக்கு அடிக்கல் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சாலை பக்கத்து ஊர் வழியாக வருகிறது. வழியில் ஒரு மாந்தோப்பைக் கண்டதும் மரியாதையாக ஒதுங்கி, வளைந்து, நேரே வேடியப்பன் மேல் ஏறுகிறது. வேடியப்பன் என்பது வேப்பமரத்தடியில் நிற்கும் மூன்று நடுகற்கள். எந்தக் காலத்திலோ சண்டையில் செத்த வீரர்கள் வில்லும் வாளுமாக அதில் நிற்கிறார்கள். ஊருக்கு அவர்கள்தான் சாமி. தோப்பு யாருடையது என்று நான் சொல்லப்போவதில்லை. அவர் பெயரை நிழற்குடையில் படித்துக்கொள்ளலாம்.

வேடியப்பனுக்குப் பக்கத்து நிலம் மாதம்மாக்காவினுடையது. மகனுக்குக் கல்யாணம் வைத்திருந்தார். முதல் பத்திரிகையைக் குலதெய்வத்தின் காலடியில் வைத்துவிட்டுத்தான் மற்றவர்களுக்குக் கொடுப்பது அவர்கள் வழக்கம். கற்களைப் பெயர்த்து எங்காவது ஓர் ஓரத்தில் வைப்போம் என்று அளந்தவர்கள் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அக்கா நேரே என் கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“எல்லார் பேரையும் வெட்டறவன் நீதானே தம்பி. எங்க சாமிய எடுக்கச் சொன்னவன் பேரு இன்னா?”

கோடு போன பாதை

எனக்கு வெட்கமாகிவிட்டது. இத்தனை வருஷமாகப் பெயர் வெட்டுகிறேன், அந்த ஒரு பெயர் மட்டும் என்னிடம் இல்லை. சீனிவாசனுக்குப் போன் போட்டேன். தலைவர் கையெழுத்துதான் போட்டார், பாதையை முடிவு செய்தது மேலே என்றார். மேலே கேட்டால், கீழேயிருந்து வந்ததைத்தான் அனுப்பினோம் என்றார்கள். அடிக்கல் எங்கே நடுவது என்று பார்க்க வந்த பொறியாளரைப் பிடித்தேன். நல்ல மனுஷன். டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டேன்.

டீயை முழுசாகக் குடித்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தார். “நான் முடிவு எதுவும் எடுக்கல சார். நான் பார்க்கறப்பவே கோடு அந்தப் பக்கமா போயிருந்துச்சு.”

காலி இடம்

இதைப் போய்ச் சொன்னதும் அக்கா அழுவார் என்று நினைத்தேன். அவர் ஒரு கல்வெட்டு ஆர்டர் கொடுத்தார். மந்திரிக்கு வெட்டுகிற அதே கறுப்புக் கல், அதே தங்க எழுத்து. ‘வேடியப்பன் நடுகற்களை அகற்ற முடிவு செய்தவர்’ என்று ஒரு வரி. கீழே முழுவதும் காலி இடம். ஊர்க்காரர்கள் அதைத் தூக்கிப்போய் வேடியப்பனுக்கு முன்னால் நட்டார்கள்.

மறுநாளே சீனிவாசன் போனில் கத்தினார். அந்த வழியாகக் காரில் போனாராம். புதுக் கல்லில் தலைவர் பெயர் விட்டுப்போயிருக்கிறதாம், இத்தனை இடம் இருந்தும் ஏன் வெட்டவில்லை, உடனே வெட்டு, மேலே அமைச்சருக்கும் இடம் விடு என்றார். நான் மேல் வரியை நிதானமாகப் படித்துக் காட்டினேன். சட்டென்று அவர் குரல் இறங்கிவிட்டது.

“காலி எடத்தைப் பார்த்தா பழக்கத்துல வந்துடுதுபா. மேல எழுதியிருக்கறத யாரு படிக்கறாங்க?”

பொக்லைன் வந்தது

ஒரு வாரம் கழித்து கற்களைப் பெயர்க்க பொக்லைன் வந்தது. ஓட்டுநர் இறங்கிக் கல்வெட்டைப் படித்தார், திரும்ப ஏறவில்லை. ஒப்பந்தக்காரர் பொறியாளருக்குப் போன் போட்டார், பொறியாளர் சீனிவாசனுக்குப் போட்டார், சீனிவாசன் போனை அணைத்துவிட்டார். சரி, அந்தக் கறுப்புக் கல்லை மட்டுமாவது பிடுங்கு என்றால், அதைப் பிடுங்கச் சொன்னவர் யார் என்று மாதம்மாக்கா கேட்டார். அதற்கும் ஆள் இல்லை. ஊரே மரத்தடியில் உட்கார்ந்திருந்தது.

ஓட்டுநர் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: “எடுக்கச் சொல்றவங்க பேர அதுல வெட்டிட்டு வாங்க, நான் எடுக்கறேன். இல்லேன்னா நாளைக்கு எம்பேரத்தான் வெட்டுவாங்க.”

பெயர்கள் வந்தன

பெயர் கொடுக்க யாரும் வரவில்லை, சாலைதான் மறுபடி வளைந்தது. தோப்பின் ஓரத்தில் ஒரு வரிசை மாமரம் போயிற்று. வேடியப்பன் நின்ற இடத்திலேயே நின்றார். எனக்கு அன்று சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

அடுத்த வாரமே சீனிவாசன் ஸ்கேலோடு கடைக்கு வந்துவிட்டார். ‘நடுகற்களைக் காத்தவர்கள்’ என்று ஒரு கல்வெட்டு வேண்டுமாம். தலைவர், அமைச்சர், எதிர்க்கட்சி, பொறியாளர், தோப்புக்காரர் என்ற கணக்கில் அவர்களில் ஒருவரே மறுபடியும் என்று பெயர்கள் வந்துகொண்டே இருந்தன. கல் வேடியப்பனைவிட உயரமாகப் போய்விட்டது. மாலை மரியாதையோடு அவருக்கு நேர் எதிரே நட்டார்கள்.

பத்திரிகை வைக்கப் போன மாதம்மாக்கா அப்படியே என் கடைக்குத் திரும்பி வந்தார். கையில் பத்திரிகை அப்படியே இருந்தது.

“சாமி முகமே தெரியல தம்பி. இந்தக் கல்ல நவுத்தணும்னா யாரைக் கேக்கணும்?”

அக்கா வெட்டச் சொன்ன அந்தப் பழைய கல்லின் காலி இடத்தை மட்டும் நான் இன்றும் துடைத்துப் பளபளப்பாக வைத்திருக்கிறேன். பெயர் சொல்ல யாராவது வந்தால் இலவசமாக, அமைச்சர் சைஸிலேயே வெட்டித் தருவேன்.