ரத்தம் பார்த்த பரிசல்

எங்கள் பக்கத்து அணையில் மீன் பிடிக்கிறவர்களிடம் படகு கிடையாது, பரிசல்தான். மூங்கிலைப் பெரிய கூடை போல முடைந்து, அடியில் சாக்கைப் போர்த்தித் தார் பூசியிருப்பார்கள். என் அண்ணனிடம் அப்படி ஒரு பரிசல் இருந்தது. அண்ணன் வலை விடுவார், என் வீட்டுக்காரர் துடுப்புப் போடுவார். எங்கள் பங்குக்கு வரும் ஜிலேபிக் கெண்டைகளை அலுமினியச் சட்டியில் போட்டுக்கொண்டு நான் சிறுமுகையில் பஸ் ஏறி, பெரியநாயக்கன்பாளையம் போய் விற்பேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பட்டறை வேலைக்காரர்கள் நன்றாக வாங்குவார்கள். எனக்குக் கூவி விற்க வராது. சட்டியைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பேன். பக்கத்தில் கீரை விற்கிற அம்மாதான், "ஏனுங்க, கீரையும் பாருங்க, மீனும் பாருங்க, ரெண்டும் பச்சையா இருக்குதுங்க" என்று எனக்கும் சேர்த்துக் கூவுவார்.

போன ஆடியில் காற்று அதிகம். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று அணைத் தண்ணீர் மேல் இறங்கினால் பரிசலைத் தட்டாமாலை சுற்றவைத்துவிடும். ஒரு நாள் அப்படித்தான் சுற்றிக்கொண்டே போய், மூழ்கிக் கிடந்த பழைய மரக்கட்டை ஒன்றின் மேல் ஏறி இறங்கிவிட்டது. கட்டையின் முனை பரிசலின் அடியைப் பொத்துக்கொண்டு, காலை மடக்கி உட்கார்ந்திருந்த என் வீட்டுக்காரரின் முழங்காலுக்குக் கீழே ஏறிவிட்டது. எலும்பும் முறிந்துபோனது. அண்ணன் தன் வேட்டியைக் கிழித்துக் கட்டி, சத்தம் போட்டு, வேறொரு பரிசலை வரவழைத்துக் கரை சேர்த்தார். அங்கிருந்து ஆம்புலன்ஸில் கோயம்புத்தூர் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளைக் காயப்படுத்தி ரத்தம் பார்த்த பரிசல் மறுபடியும் தண்ணீரில் இறங்கக் கூடாது. அதன் விளிம்பு வளையத்தை அறுத்துக் கரையிலேயே எரித்துவிடுவார்கள். மிச்சத்தைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டால் அது மக்கிப் போகும். அதை யாரும் தொடுவதில்லை, வீட்டுக்கும் கொண்டுவருவதில்லை. அண்ணன் ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்றே நேராகக் கரைக்குப் போய் அதைச் செய்து முடித்துவிட்டார். அவருக்கு இருந்த ஒரே பரிசல் அது. "மாப்ளையக் குத்துனது எனக்கு வேண்டாமுங்க" என்று சொல்லிக்கொண்டே எரித்தாராம். அதற்குப் பிறகு இன்னொருவர் பரிசலில் கூலிக்குப் போனார்.

வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அங்கும் இங்குமாக அலைந்துகொண்டிருந்தேன். மீன் வியாபாரம் இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த கோழிகளின் முட்டைதான் செலவுக்கு. அந்தக் கோழிகளையும் கீரி ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போக ஆரம்பித்தது. ராத்திரியில் அவற்றைக் கவிழ்த்து மூடுகிற பழைய கூடை நைந்து போயிருந்தது. ஒரு நாள் சாயங்காலம் சுள்ளி பொறுக்கக் கரைப் பக்கம் போனேன். வளையம் இல்லாத அந்தப் பரிசல் கவிழ்ந்து கிடந்தது. நல்ல மூங்கில், கெட்டியான முடைச்சல். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அக்கம்பக்கம் யாரும் இல்லை. இழுத்துக்கொண்டு வந்து வீட்டுக்குப் பின்னால் கோழிகள் மேல் கவிழ்த்துவிட்டேன்.

கவிழ்த்த பிறகுதான் பயம் பிடித்தது. அண்ணன் பார்த்தால் என்ன சொல்வார்? ஊரில் யாராவது கண்டுகொண்டால், என் வீட்டுக்காரர் கால் சேராமல் போவதற்கு நான்தான் காரணம் என்பார்கள். அதனால் அதன் மேல் பழைய தார்ப்பாயைப் போர்த்தி, சுற்றிலும் தென்னை மட்டையைச் சாத்தி வைத்தேன். கோழிகளுக்கு ஒரு குறையும் இல்லை. கீரியும் வரவில்லை.

அவர் காலில் கம்பி வைத்துத் தைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். இனிமேல் பரிசலில் காலை மடக்கி உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து அவர் அதிகம் பேசுவதில்லை. கட்டிலில் சாய்ந்துகொண்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பார். துடுப்புப் போடுவதைத் தவிர வேறு வேலை அவருக்குத் தெரியாது.

மீனவர் வாரியத்தில் பதிந்தவர்கள் தொழிலில் அடிபட்டால் அரசாங்க நிதியிலிருந்து நிவாரணம் உண்டு, பரிசல் சேதமானால் அதற்கும் தனியாக உண்டு என்று அண்ணன்தான் விசாரித்து வந்தார். என் வீட்டுக்காரருக்காகவும் பரிசலுக்காகவும் அண்ணனே எழுதிக் கொடுத்தார். அந்தப் பணம் வந்தால் வீட்டு முன்னாலேயே வலை பழுது பார்க்கிற இடம் ஒன்று போடலாம் என்று என் வீட்டுக்காரர் மனதில் ஒரு யோசனை இருந்தது. உட்கார்ந்தபடி கையால் செய்கிற வேலை. என்னிடம் ஒரே ஒரு தடவைதான் சொன்னார். அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேசினால் கிடைக்காமல் போய்விடுமோ என்பது போல வாயே திறக்கவில்லை.

ஆஸ்பத்திரிச் சீட்டு, போலீஸில் எழுதிக் கொடுத்தது என்று எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு, மீன்துறையிலிருந்து அண்ணனுக்கு போன் வந்தது. ஆய்வாளர் அம்மா பேசினார். நேரில் வந்து பரிசலைப் பார்க்க வேண்டுமாம். வேறு எங்கேயோ ஒருவர் மோட்டார் சைக்கிளில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு, பரிசலில் அடிபட்டதாக எழுதிக் கொடுத்திருந்தாராம். அதிலிருந்து கண்ணால் பார்க்காமல் கையெழுத்துப் போடுவதில்லையாம்.

அண்ணன் எங்கள் வாசலில் வந்து உட்கார்ந்தார்.

"மாப்ளே, பரிசலக் காட்டோணுமாமா."

"எரிச்சுப்போட்டீங்கல்ல மச்சான்."

"வளையத்தத்தான் எரிச்சேன். மிச்சம் கரையில கெடக்குமுன்னு இப்பப் போய்ப் பாத்தேன். காணோம். எந்தக் களவாணிப்பய தூக்கீட்டுப் போனானோ தெரீல. அதையெல்லாம் ஆராச்சும் தூக்குவாங்களா? வெளங்குவானா அவன்?"

நான் உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தேன். கழுநீரோடு கொஞ்சம் அரிசியையும் சாய்த்துவிட்டேன்.

"உடுங்க மச்சான். கெடைக்கறதுன்னா கெடைக்கும்" என்றார் இவர். ஆனால் அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

சொல்லிவிடலாம் என்று அன்று பல தடவை நினைத்தேன். அண்ணன் முகத்தைப் பார்த்தால் வாய் வரவில்லை. வெளங்குவானா என்று அவர் கேட்டது காதிலேயே இருந்தது. சொல்லாமல் விட்டால் நிவாரணம் போய்விடும். சொன்னால், ஆகாத சாமானை வீட்டுக்குள் கொண்டுவந்தவள் என்ற பேச்சு எனக்கு. ராத்திரி தூங்கினேனா என்று கூடத் தெரியவில்லை.

மறுநாள் காலையில் ஆய்வாளர் அம்மா ஸ்கூட்டரில் வந்தார். என்னைவிட வயதில் சின்னவர். ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டே, "வணக்கமுங்க, அடிபட்டவரு இவருங்களா?" என்று கேட்டு, முதலில் அவர் காலைத்தான் பார்த்தார். பேச்சைக் கேட்டபோது தாராபுரத்துப் பக்கம் என்று தெரிந்தது. அக்கம்பக்கத்தார் நாலைந்து பேர் வேலி ஓரமாக வந்து நின்றுவிட்டார்கள்.

"பரிசல் எங்கீங்க?"

அண்ணன் வழக்கத்தை எடுத்துச் சொன்னார். வளையத்தை எரித்ததைச் சொன்னார். மிச்சம் களவு போனதையும் சொன்னார். சொல்லச் சொல்ல அவருக்கே அது கட்டுக்கதை மாதிரி இருந்திருக்க வேண்டும், குரல் ஏறிக்கொண்டே போனது.

"ஏனுங்க, உங்க வழக்கத்த நான் தப்புன்னு சொல்லல. ஆனா பரிசலே இல்லாம பரிசல்ல அடிபட்டாருன்னு நான் எப்படிங்க எழுதறது? மேல கேட்டா என்ன சொல்லட்டும்?"

"தண்ணியக் கேளுங்கம்மா, தண்ணி சொல்லும்!"

"தண்ணி கையெழுத்துப் போடாதுங்களே."

வேலி ஓரத்தில் யாரோ சிரித்தார்கள். அண்ணன் அந்தப் பக்கம் திரும்பி முறைத்தார். என் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்தபடி தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆய்வாளர் அம்மா பையை மூடி ஹெல்மெட்டைக் கையில் எடுத்தார்.

எனக்கு அப்போதும் பேச வரவில்லை. நேராக வீட்டுக்குப் பின்னால் போனேன். தென்னை மட்டைகளை இழுத்துப் போட்டேன், தார்ப்பாயை உருவினேன். அன்றைக்குக் காலையில் கோழிகளைத் திறந்துவிடக் கூட மறந்திருந்தேன். பரிசலை ஒரு பக்கமாகத் தூக்கியதும் அத்தனை கோழிகளும் கத்திக்கொண்டு வாசல் பக்கம் ஓடின. ஆய்வாளர் அம்மாவின் காலுக்கு நடுவே ஒன்று, அண்ணனின் வேட்டிக்குள் ஒன்று. அவர்கள் எல்லாரும் பின்பக்கம் வந்து பார்த்தபோது, நான் பரிசலைச் சுவரில் சாய்த்துப் பிடித்துக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பி நின்றேன்.

அண்ணன் கிட்டே வந்து பரிசலை உற்றுப் பார்த்தார்.

"அம்மணி," என்றார் அண்ணன். "அந்தக் களவாணி நீதானா?"

வேலி ஓரத்தில் இருந்த பக்கத்து வீட்டு அம்மா, "ஐயோ சாமி, ரத்தம் பாத்ததப் போயி ஊட்டுக்குள்ள வெச்சிருந்தாளா!" என்றார்.

அதற்கு எங்கிருந்து எனக்கு வாய் வந்ததோ தெரியவில்லை. "தண்ணியில எறக்கக் கூடாதுன்னுதானுங்க சொன்னாங்க. கோழி மேல கவுக்கக் கூடாதுன்னு ஆரும் சொல்லலீங்களே" என்றேன்.

ஆய்வாளர் அம்மா முதலில் சிரித்தார். அண்ணன் சிரிக்கக் கூடாது என்று பார்த்தார், முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா மட்டும் முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

பரிசலின் அடியில் அந்த ஓட்டை அப்படியே இருந்தது. ஆய்வாளர் அம்மா அதற்குள் கையை விட்டுப் பார்த்தார். மூங்கில் பட்டைகள் எல்லாம் உள்பக்கமாக வளைந்து முறிந்திருந்தன. "கீழ இருந்துதானுங்க குத்தியிருக்குது" என்றார். துடுப்புப் போடுகிறவர் எங்கே உட்காருவார் என்று கேட்டார். அண்ணன் அந்த இடத்தைக் காட்டினார், ஓட்டை அங்கேதான் இருந்தது. தார் மேல் வெள்ளை பெயின்டில் எழுதியிருந்த பதிவு எண்ணைக் கோழி எச்சம் மறைத்திருந்தது. நான் முந்தானையை நனைத்துத் துடைத்தேன். எண் சரியாக வந்தது. அவர் செல்போனில் படம் எடுத்துக்கொண்டே இருந்தார்.

"அக்கா, கொஞ்சம் அக்கட்ட தள்ளி நில்லுங்க. இல்லீங்க, வேண்டாம், புடிச்சுட்டே நில்லுங்க. உழுந்துருமாட்ட இருக்குது."

அப்படித்தான் அரசாங்கத்துக் கோப்பில் என் படமும் ஏறியது. முகம் தெரியாது. கையும் பரிசலும் ஒரு சேவலும்தான் தெரியும் என்று அவர் காட்டினார்.

"அவருக்கு எழுதறதுல ஒரு சிரமமும் இல்லீங்க," என்றார் புறப்படும்போது. பிறகு அண்ணனிடம், "நீங்க எரிச்சதுக்கு எந்த விதியும் கெடையாதுங்க. ஓட்டை உழுந்ததுக்கு மட்டும் எழுதறேன். உத்தரவு வர்ற வரைக்கும் இதைய எரிச்சுப்போடாதீங்க, புண்ணியமா போகும்."

"எம்பட தங்கச்சி இருக்கறப்ப எரிக்க முடியுமுங்களா?" என்றார் அண்ணன்.

ஆய்வாளர் அம்மா போன பிறகு நான் அடுப்படிக்குள் போய்விட்டேன். காபி வைக்கிற சாக்கில் கொஞ்சம் அழுதேன். துக்கத்தில் வந்த அழுகை அல்ல. காபி கொண்டுபோய்க் கொடுத்தபோது என் வீட்டுக்காரர் டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னார், "எனக்குத் தெரியும்."

"என்ன தெரியுமுங்க?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநாளே தெரியும். தடி ஊனிப் பின்னால போனேன். தார்ப்பாய் வெலகிக் கெடந்துச்சு. என்ற காலுக்கு வந்த ஓட்டை வழியா ஒரு கோழி தலைய நீட்டி என்னையவே பாக்குது. அது நம்ம பரிசல்னு எனக்குத் தெரியாதா? அந்த அடிக்கு நாந்தான தார் பூசுனேன்."

"பொறவு ஏன் நேத்து அண்ணன் கேக்கறப்பச் சொல்லலீங்க?"

"நீயா சொல்லுவீன்னு பாத்தேன். நான் சொன்னா அவரு உன்னையத் திட்டுவாரு. நீ சொன்னா வாயத் தொறக்க மாட்டாரு." காபியை ஒரு மடக்குக் குடித்தார். "உன்னைய இன்னைக்குத்தான் பேசிக் கேட்டேன் போ."

உத்தரவு கார்த்திகையில் வந்தது. பணம் அவர் பெயரில் வங்கியில் ஏறியதாக செல்போனில் செய்தி வந்தபோது, அதை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னார். நான் படித்தேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னார். அன்றைக்குத்தான் நெடுநாளைக்குப் பிறகு இன்னும் கொஞ்சம் சோறு கேட்டார். அண்ணனுக்கும் வந்தது, கேட்டதில் பாதி. "பாதிப் பரிசலுக்குப் பாதிதான் வரும்" என்று அவரே சொல்லிச் சிரித்தார். மிச்சத்துக்குக் கடன் வாங்கி இப்போது ஃபைபர் பரிசல் வைத்திருக்கிறார். அதை எரிக்க முடியாது, அதனால் அது யாரையும் குத்தாமல் இருக்க வேண்டும் என்று அடிக்கடி சொல்வார்.

எங்கள் வாசலில் தகரம் போட்ட சின்னப் பந்தல் இருக்கிறது. என் வீட்டுக்காரர் காலை நீட்டி உட்கார்ந்து கிழிந்த வலைகளை முடிகிறார். கரையில் இருக்கிறவர்கள் எல்லாரும் அவரிடம்தான் கொண்டுவருகிறார்கள். வந்தால் சும்மா போவதில்லை, உட்கார்ந்து பேசிவிட்டுத்தான் போகிறார்கள். வீட்டில் எப்போதும் பேச்சுச் சத்தம்.

உத்தரவு வந்த வாரம் அண்ணன் சந்தையிலிருந்து புதுக் கோழிக்கூடை ஒன்று வாங்கி வந்து என் முன்னால் வைத்தார். நான் பின்பக்கம் போய்ப் பரிசலை இழுத்துக் கொடுத்தேன். கரைக்குக் கொண்டுபோய் இந்தத் தடவை மிச்சம் வைக்காமல் முழுசாக எரித்தோம். தார் பூசியிருந்ததால் நன்றாகப் பிடித்துக்கொண்டது. கார்த்திகைப் பனி. என் வீட்டுக்காரர் தடியை ஊன்றி நெருப்புக்குப் பக்கத்தில் நின்று கையை நீட்டினார்.

"குளுருக்கு எதமா இருக்குதுங்க மச்சான்" என்றார்.

அன்று சாயங்காலம் கோழிகள் புதுக்கூடைக்குள் போக மறுத்தன. பரிசல் இருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்தன. நான் ஒவ்வொன்றாகப் பிடித்து அடைத்தேன். வாசலில் அவர்கள் இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள்.