பதில் அனுப்பக் கூடாத முகவரி

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. நடந்தது என் தங்கை வீட்டுக்காரருக்கு. மனுஷனுக்குப் பொய் சொல்ல வராது. சீட்டாடும்போது நல்ல சீட்டு விழுந்தால் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அவருக்கு வந்த ஏழு மெயில்களையும் நான் என் கண்ணால் பார்த்தேன்.

இன்னொன்று. இது நடுராத்திரியில் நடக்கவில்லை. கரண்ட் போகவில்லை, நாய் ஊளையிடவில்லை. திங்கட்கிழமை காலை பத்து மணி, வெளியே பளிச்சென்று வெயில்.

அவருக்கு ரத்தப் பரிசோதனை செய்யும் ஒரு லேபில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கல்யாணப் பேச்சு நடந்தபோது, "சர்வர் எல்லாம் நான்தான் பார்த்துக்கிறேன்" என்று சொன்னார். என் அம்மா மெதுவாக, "எந்த ஹோட்டல்ல?" என்று கேட்டுவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் சர்வர்காரர்.

லேபில் ரிப்போர்ட் தயாரானதும் அது தானாகவே நோயாளியின் மெயிலுக்குப் போய்விடும். அனுப்புகிற மெஷின் பழசாகி, இரண்டு மாதமாக இழுத்துக்கொண்டு கிடந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு அதைக் கழற்றிவிட்டுப் புது மெஷினை வைத்தார். தன் மெயிலுக்கு ஒன்று அனுப்பிப் பார்த்தார். வந்தது. நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

திங்கட்கிழமை 9:35-க்குக் கவுண்டரில் இருக்கும் அக்கா வந்து நின்றார்.

"சார், ரிப்போர்ட் வரலன்னு வரிசையா போன். என்னன்னு பாருங்க."

"எல்லாருக்குமா?"

"இல்ல. பாதிப் பேருக்கு வந்திருக்கு."

பாதிப் பேருக்கு என்றதுமே அவருக்குச் சுருக்கென்றது. மெயில் கம்பெனிகளில் ஒன்று மட்டும் ரொம்பக் கறார். மற்றவை கண்டும் காணாமல் உள்ளே விட்டுவிடும். இது விடாது. எந்தெந்த மெஷின் லேப் பெயரில் மெயில் அனுப்பலாம் என்று ஒரு பட்டியல் உண்டு, அதில் அனுப்பும் மெஷினின் எண் இருக்க வேண்டும். மெயிலில் லேபின் டிஜிட்டல் கையெழுத்து சரியாக இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

புது மெஷினின் எண்ணைப் பட்டியலில் சேர்க்க அவர் மறந்திருந்தார்.

திரும்பி வரும் மெயில்கள் விழுவதற்கென்று ஒரு பெட்டி உண்டு. 'இந்த முகவரிக்குப் பதில் அனுப்ப வேண்டாம்' என்று ரிப்போர்ட்டின் அடியில் போட்டிருக்குமே, அந்த முகவரி. அதை யாரும் திறந்து பார்ப்பதே இல்லை. அவர் திறந்தார். வெள்ளி, சனி, ஞாயிறு. முந்நூற்றுப் பன்னிரண்டு மெயில்கள். எல்லாவற்றிலும் ஒரே பிழை எண், ஒரே வாசகம். 550. அனுப்புபவர் யார் என்று உறுதிசெய்ய முடியவில்லை. ஏற்க மறுக்கிறோம்.

அவர் இருந்தது லேபின் பின்பக்க அறை. ஒரு மேஜை, ஒரு நாற்காலி, சுவரோரம் மெஷின், மூலையில் காலி அட்டைப் பெட்டிகள். மெஷினின் விசிறிச் சத்தம் உய்ய்ய்... என்று ஓயாமல் கேட்டுக்கொண்டிருக்கும். 10:08-க்குப் பட்டியலில் எண்ணைச் சேர்த்தார். அந்த மாற்றம் ஊர் உலகத்துக்கெல்லாம் தெரியவர நேரம் பிடிக்கும். காத்திருந்தார்.

10:12. 'டிங்' என்று ஒரு சத்தம். அந்தப் பெட்டியில் புதிதாக ஒரு மெயில்.

இன்னொன்று திரும்பி வந்திருக்கிறது என்று நினைத்துத் திறந்தார். இல்லை. ஒரு பெண்ணின் முகவரியிலிருந்து வந்திருந்தது. ஒரே வரி.

'ரிப்போர்ட் இன்னும் வரவில்லை.'

கொஞ்ச நேரத்தில் வந்துவிடும் அம்மா என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வேலையைத் தொடர்ந்தார். 10:19-க்கு மறுபடி 'டிங்'. அதே ஆள். அதே வரி.

10:26.

'ரிப்போர்ட் இன்னும் வரவில்லை. கால் மரத்துப்போயிருக்கிறது.'

இப்போதுதான் அவருக்கு உறைத்தது. பதில் அனுப்பக் கூடாத இந்த முகவரி லேபின் பலகையில் இல்லை, ரசீதில் இல்லை. ரிப்போர்ட் மெயிலில் மட்டும்தான் இருக்கும். அந்தப் பெண்ணுக்கோ மெயிலே போய்ச் சேரவில்லை. திரும்பி வந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் அவருடையதும் ஒன்று.

அப்படியானால் இந்த முகவரி அவருக்கு எப்படித் தெரிந்தது?

ஒரு மெயில் எந்தெந்த மெஷின் வழியாக வந்தது என்பது அதனுள்ளேயே பதிவாகியிருக்கும், கடிதத்தின் மேல் தபால் முத்திரை மாதிரி. அதைத் திறந்து பார்த்தார்.

ஒன்றுமில்லை.

அந்தக் கறார் கம்பெனியின் முத்திரை இல்லை. நடுவில் யாருடையதும் இல்லை. கடைசியாக இந்த அறையில் உள்ள மெஷின் குத்தியிருக்க வேண்டிய முத்திரைகூட இல்லை. மெயில் பெட்டிக்குள் இருக்கிறது. அதை யாரும் கொண்டுவந்து போடவில்லை.

10:33. டிங்.

'கையும் மரத்துவிட்டது.'

கை மரத்துப்போனவர் எப்படி எழுதுகிறார்... கவுண்டர் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து, வாய்விட்டுப் படித்தார். படித்துவிட்டு நிமிர்ந்தார்.

"சார், இவங்க ஃபைலை முதல்ல எடுங்க."

எடுத்தார். வயது ஐம்பத்து நான்கு. சிறுநீரகக் கோளாறு. வெள்ளிக்கிழமை மதியம் ரத்தம் கொடுத்திருக்கிறார். எல்லா வரியும் கறுப்பு எழுத்து. பொட்டாசியம் என்ற ஒரு வரி மட்டும் சிவப்பு.

சிவப்பு வந்தால் லேபிலிருந்து போன் செய்தே ஆகவேண்டும். பொட்டாசியத்தில் சிவப்பு என்றால் இதயம் எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று அர்த்தம். அக்கா ஓடிப்போய்ப் பதிவேட்டைக் கொண்டுவந்தார். வெள்ளி இரவு 7:40, போன் செய்யப்பட்டது, எடுக்கவில்லை. பக்கத்திலேயே இன்னொரு குறிப்பு: மெயில் அனுப்பப்பட்டது. அதற்கு ஒரு டிக்.

அந்த டிக்கை அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். உடம்பில் எதுவும் ஓடவில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். பயமில்லை, பதற்றமில்லை. பல் பிடுங்குவதற்கு ஊசி போட்ட பிறகு கன்னம் இருக்குமே, உடம்பு முழுக்க அப்படி.

10:40. டிங்.

'இப்போது எங்கேயும் வலி இல்லை. ஆனாலும் ரிப்போர்ட் வேண்டும்.'

10:41-க்கு ஃபைலில் இருந்த எண்ணுக்குப் போன் போட்டார். நான்காவது மணியில் ஓர் ஆண் குரல் எடுத்தது. அவருடைய கணவர்.

"லேப்லேருந்து பேசறேங்க. அம்மா எப்படி இருக்காங்க?"

"தூங்குறா தம்பி. ராத்திரியெல்லாம் தூக்கமில்ல. இப்பதான் அசந்தா."

"எழுப்புங்க. உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

"என்ன தம்பி, ஏதாவது..."

"நேரமில்லைங்க ஐயா. எழுப்புங்க."

"இருங்க."

போனைக் கையில் வைத்துக்கொண்டே அவர் நடந்தார். செருப்பு தேயும் சத்தம் கேட்டது. சரக்... சரக்... சரக்...

10:43. டிங்.

ஏழு நிமிடம் ஆகவில்லை. மூன்றுதான் ஆகியிருந்தது.

'அவரை உள்ளே விடாதீர்கள்.'

அக்கா சர்வர்காரரின் தோளைப் பிடித்துக்கொண்டார். விரல்கள் அழுந்தின.

போனில் கதவு திறக்கும் சத்தம்.

"இந்தாம்மா... எந்திரி..."

சத்தமில்லை.

"எந்திரிம்மா... லேப்லேருந்து பேசறாங்க..."

பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. அவர் அழவில்லை. கத்தவில்லை. மூச்சு மட்டும் கேட்டது.

"ஐயா?"

மூச்சு.

"ஐயா... ஆம்புலன்ஸ் அனுப்பறோம்."

"சில்லுனு இருக்கா, தம்பி."

10:46-க்கு லைன் அறுந்துபோனது.

அக்கா ஆம்புலன்ஸுக்குச் சொன்னார். லேபின் டாக்டரம்மா வந்து பதிவேட்டைப் பார்த்தார், சர்வர்காரரைப் பார்த்தார். திரும்பி வந்தவற்றில் இன்னும் நான்கு சிவப்பு இருந்தன. டாக்டரம்மாவே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தார். நான்கு பேரும் எடுத்தார்கள். நான்கு பேரும் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்கள்.

சர்வர்காரர் மறுபடி மெஷின் முன்னால் உட்கார்ந்தார். வேறு என்ன செய்வது? முந்நூறு பேர் காத்திருக்கிறார்கள். சோதனைக்கு ஒன்று அனுப்பினார். மறுத்தது. இந்த முறை காரணம் வேறு. மெஷின் மாறியும் கையெழுத்துக்கான சாவி பழையதாகவே இருந்தது. மாற்றினார். அனுப்பினார். மறுத்தது. காத்திருந்தார். தட்டச்சு செய்வது தன் விரல்கள் போலவே இல்லை என்றார்.

11:47. ஏற்றுக்கொண்டது.

மொத்தமாகத் தள்ளினால் அந்தக் கம்பெனி மறுபடி கதவைச் சாத்திவிடும். அதனால் மெயில்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. வரிசையில் முதலில் நின்றவை சிவப்பு ரிப்போர்ட்டுகள். அவற்றில் முதலாவது அந்தப் பெண்ணுடையது. அதை வரிசையிலிருந்து எடுத்துவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

போனது.

விசிறிச் சத்தம் நின்றது.

மெஷின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பச்சை விளக்கு எரிந்தது. திரையில் வரிகள் நகர்ந்தன. சத்தம் மட்டும் இல்லை...

11:48.

டிங்.

'வந்துவிட்டது.'

உய்ய்ய்... என்று விசிறி மறுபடி கேட்க ஆரம்பித்தது.

அதற்குப் பிறகு அந்த முகவரியிலிருந்து எதுவும் வரவில்லை. கவுண்டர் அக்கா அன்று மதியமே லீவு போட்டுவிட்டுப் போனவர், திரும்பி வந்த பிறகும் பின்பக்க அறைக்குள் கால் வைப்பதில்லை. சர்வர்காரர் அந்த மெயில் கம்பெனிக்கு எழுதிக் கேட்டார். புதன்கிழமை பதில் வந்தது. கணக்கு இருக்கிறது. ஆனால் கடந்த பத்து நாளில் அதிலிருந்து ஒரு மெயில்கூட வெளியே போகவில்லை.

அந்த வாரம் முழுக்க அவர் ஒழுங்காக வேலைக்குப் போனார், ஒழுங்காக வந்தார். தங்கை போட்டதைச் சாப்பிட்டார். உப்பு இருக்கிறதா என்று கேட்டால், "இருக்கும்" என்பார். செவ்வாய்க்கிழமையே நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்: மெஷினை மாற்றியது நான், எண்ணைச் சேர்க்க மறந்தது நான், திரும்பி வந்ததைப் பார்க்காததும் நான்.

வியாழக்கிழமை சாயங்காலம் 4:20-க்கு அந்தப் பெண்ணின் கணவர் லேபுக்கு வந்தார். சவரம் செய்யாத முகம். சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. ரிப்போர்ட்டின் பிரிண்ட் ஒன்று வேண்டும் என்றார். சர்வர்காரரே எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். கொடுத்துவிட்டு எதிரே நின்றார்.

"ஐயா, அன்னைக்கு மெயில் வராததுக்கு நான்தான் காரணம். வெள்ளிக்கிழமையே வந்திருக்கணும். என் தப்பு."

அந்த மனிதர் அவரைப் பார்த்தார். கோபப்படவில்லை. அதற்கான தெம்பு இருந்த மாதிரியும் தெரியவில்லை.

"அவளும் அதைத்தான் கேட்டுட்டே இருந்தா, தம்பி."

"எப்பங்க?"

"திங்கட்கிழமை காலைல. பத்து மணியிலேருந்து. நான் ஹால்ல உக்காந்திருந்தேன். உள்ளேருந்து, 'வந்துடுச்சா?'ம்பா. போனைப் பார்த்துட்டு, 'இன்னும் வரல'ம்பேன். கொஞ்ச நேரம் கழிச்சுத் திரும்பவும் கேப்பா. நீங்க போன் பண்றதுக்கு ஒரு நிமிஷம் முன்னாடிகூடக் கேட்டா. 'வரும், நீ தூங்கு'ன்னேன். அப்புறம் சத்தமில்ல. தூங்கிட்டான்னுதான் நினைச்சேன்."

சர்வர்காரர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து மடித்து வைத்திருந்த ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். ஆஸ்பத்திரியில் கொடுத்தது.

"இதுல நேரத்தைத் தப்பாப் போட்டுட்டாங்க. மாத்தித் தரச் சொல்லலாம்னுதான் ரிப்போர்ட்டையும் வாங்க வந்தேன். உடம்பு விறைச்சிருந்துச்சாம். விடியக்காலம் நாலு மணிக்கே போயிட்டான்னு எழுதியிருக்காங்க."

காகிதத்தை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அது எப்படித் தம்பி நாலு மணியா இருக்கும்?"